குமரியில் குடி கூடியதா, குடிக்கும் விதம் மாறியதா?

கேள்வியின் சுருக்கம்: சமூகப்பணி படிக்கும் மாணவர் ஒருவர் குமரி மாவட்டத்தில் மூன்று ஊர்களில் குடிப்பழக்கம் பற்றிக் கணக்கெடுக்கப் போகிறார். ஒன்று கடற்கரை ஊர், ஒன்று ரப்பர் தோட்டப் பகுதி, ஒன்று நாகர்கோவிலை ஒட்டியது. "முன்னெல்லாம் இந்தக் குடி கிடையாது" என்று பெரியவர்கள் சொல்கிறார்களாம். அது உண்மைதானா, எந்தெந்த மக்களிடம் பழக்கம் எப்படி மாறியிருக்கிறது, அதை எப்படி அளப்பது என்று கேட்டிருக்கிறார்.

பெரியவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளவும் வேண்டாம், பழங்கதை என்று தள்ளவும் வேண்டாம். அவர்கள் பார்த்தது வேறு குடி. "எத்தனை பேர் குடித்தார்கள்" என்பதை ஒருவரின் ஞாபகத்தை நம்பி எழுத முடியாது. எதைக் குடித்தார்கள், ஒரே இருப்பில் எவ்வளவு, எங்கே உட்கார்ந்து என்பதை எழுத முடியும். அங்கேதான் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. முதலில் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுவிடுவோம். இதைப் போடாமல் ஆய்வுக்குப் போனால் ஒரு லிட்டர் கள்ளும் ஒரு குவார்ட்டரும் உங்கள் தாளில் ஒரே "குடி" ஆகிவிடும்.

மதுவில் உள்ள சுத்த ஆல்கஹாலை கிராமில் எடுக்க வேண்டும். பானத்தின் அளவை அதன் சதவீதத்தால் பெருக்கினால் ஆல்கஹால் எத்தனை மில்லி என்று வரும். அதை 0.79-ஆல் பெருக்கினால் கிராம். கள் 4 முதல் 6 சதவீதம். 5 என்று வைத்தால் ஒரு லிட்டரில் 50 மில்லி, அதாவது சுமார் 39 கிராம். டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கி எல்லாம் 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் 77 மில்லி, அதாவது சுமார் 61 கிராம். 650 மில்லி பீர் பாட்டிலில் சாதாரண வகை (5 சதவீதம்) என்றால் 26 கிராம், ஸ்ட்ராங் வகை (8 சதவீதம்) என்றால் 41 கிராம். பாதிக் குவார்ட்டரான கட்டிங் சுமார் 30 கிராம்.

இப்போது இதைப் பாருங்கள். ஒரே அமர்வில் 60 கிராம் அல்லது அதற்கு மேல் போனால் அதை "மிகையாகக் குடித்த அமர்வு" என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கில் எடுக்கிறது. நம்மூரில் மிகச் சாதாரணமாக, "அட, ஒரு குவார்ட்டர்தானே" என்று சொல்லும் அளவு சரியாக அந்தக் கோட்டின் மேல் நிற்கிறது. அதே 60 கிராம் கள்ளில் வேண்டுமென்றால் ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும். வயிறு முதலில் நிரம்பும், அதற்கு ஒன்றிரண்டு மணி நேரமும் ஆகும். குவார்ட்டரைத் தண்ணீர் பாக்கெட்டோடு பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு பைக்கில் ஏறலாம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 10 கிராமைத்தான் கழிக்கும் என்பதால், இரவு 10 மணிக்கு ஒரு குவார்ட்டர் முடித்தவருக்கு விடியற்காலை 4 மணி வரை உடம்பில் மது இருக்கும். ரப்பர் பால்வெட்டுக்கும் கடலுக்கும் கிளம்புகிற நேரம் அது.

குவார்ட்டர் என்ற அளவே பழக்கத்தை உண்டாக்கியிருக்கிறது என்பது என் கருத்து. கள்ளுக்கடையில் கையில் உள்ள காசுக்கு ஒரு கிளாஸ் வாங்கலாம், மீதி கடைக்காரனிடம் இருக்கும். மூடி போட்ட பாட்டிலை வாங்கினால் முழுதும் உங்களுடையது. வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதவன் வழியிலேயே முடித்துவிடுவான். ஒரு நாள் கூலிக்குள் அடங்குகிற விலை, இடுப்பில் செருகுகிற வடிவம், மீதம் வைக்க இடமில்லாத வீடு ஆகிய மூன்றும் சேர்ந்து 180 மில்லியை "ஒரு வேளை" ஆக்கிவிட்டன.

கள்ளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். குமரியின் பழைய பழக்கம் பனையைச் சுற்றித்தான் இருந்தது. பனையேறி தளைநாரைக் காலில் மாட்டி, முருக்குத்தடியைச் சாய்த்து ஏறி, பாளையை மெல்லிசாகச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது அக்கானி, மற்ற ஊர்களில் சொல்லும் பதநீர். சுண்ணாம்பு சாற்றைக் காரமாக்கிவிடுவதால் அதிலுள்ள ஈஸ்ட் வேலை செய்ய முடியாது. சுண்ணாம்பு இல்லையென்றால் மரத்தில் இருக்கும்போதே நொதிக்கத் தொடங்கி, சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். மறுநாள் புளித்து, காடியின் பக்கம் போய்விடும். ஆகவே ஒரே மரம், ஒரே ஆள், ஒரே பாளை. கலயத்தில் ஒரு பூச்சு இருக்கிறதா இல்லையா என்பதில்தான் கருப்பட்டியும் கள்ளும் பிரிகின்றன. இதில் ஆய்வுக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. கள் வெகுதூரம் போகாது, நாள் கணக்கில் நிற்காது, பனையில் ஆண்டு முழுதும் கிடைக்கவும் கிடைக்காது. தென்னங்கள் மட்டும் வருஷம் பூராவும் உண்டு. பருவம், தூரம், கெட்டுப்போகும் தன்மை என்று மூன்று வேலிகள் அந்தக் காலத்துக் குடியைச் சுற்றி இருந்தன. யாரும் போட்ட வேலி அல்ல. சீல் வைத்த பாட்டில் வந்ததும் மூன்றும் போயின.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் கள்ளுக்கடை திறந்தால் எல்லாம் சரி" என்று எழுதிவிடாதீர்கள். தேவை கூடி, மரம் குறைந்த இடத்தில் கள் தண்ணீராகும், பிறகு அந்தத் தண்ணீருக்குப் போதை ஏற்ற மயக்க மருந்து கலப்பார்கள். கேரளத்தில் குளோரல் ஹைட்ரேட் கலந்த வழக்குகள் நிறைய வந்தவை. குமரியில் பனையும் குறைந்து, ஏறுகிற ஆளும் குறைந்துவிட்ட நிலையில் இந்த ஆபத்தைக் கணக்கில் எடுக்காத வாதம் அரை வாதம்.

அடுத்து சட்டத்தின் வரிசை. நீங்கள் பேட்டி எடுக்கும் ஒவ்வொருவரின் வயதையும் இதோடு பொருத்திப் பார்க்க வேண்டும். 1956 நவம்பர் 1 வரை இந்தத் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபின் அந்த மாநிலத்தின் மதுவிலக்குக்குள் வந்தன. 1971 ஆகஸ்டு 30-ல் மதுவிலக்கு தளர்ந்து கள்ளும் சாராயமும் கடைக்கு வந்தன. கள்ளுக்கடை 1973-லும் சாராயக்கடை 1974-லும் மூடப்பட்டன. 1981 மே 1-ல் திரும்பவும் இரண்டும் திறந்தன. 1983-ல் டாஸ்மாக் மொத்த வியாபார நிறுவனமாகத் தொடங்கியது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 1990-ல் மலிவு விலை மது வந்தது, 1991 ஜூலையில் நின்றது. 2003 நவம்பர் 29 முதல் சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக்கே நடத்துகிறது. கள் தடை இன்றுவரை நீங்கவில்லை. கேரளத்திலோ நேர் எதிர். அங்கே 1996 ஏப்ரல் 1-ல் சாராயத்தைத் தடை செய்தார்கள், கள்ளு ஷாப்பு தொடர்கிறது.

எல்லை தாண்டுவது குமரிக்கே உரிய சிக்கல். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தின் பாறசாலை. இந்தப் பக்கம் 21 வயது நிறைந்தால் வாங்கலாம், அந்தப் பக்கம் 23. அங்கே மாதத்தின் முதல் தேதி கடை கிடையாது, இங்கே உண்டு. விளவங்கோடு பக்கத்து ஊர் ஒன்றை எடுத்தால், டாஸ்மாக் விற்பனையை அந்த ஊரின் குடி என்று நினைக்க முடியாது. இங்குள்ளவர் அங்கே குடிப்பார், அங்குள்ளவர் இங்கே வாங்கிப் போவார்.

விற்பனைத் தொகையை வைத்து "குடி பத்து மடங்கு கூடிவிட்டது" என்று எழுதுவதும் இதே வகைத் தவறு. 2003-04-ல் டாஸ்மாக் வழியே அரசுக்கு வந்தது 3,639 கோடி ரூபாய், 2023-24-ல் 45,855 கோடி. பன்னிரண்டு மடங்கு. ஆனால் அதற்குள் விலை எத்தனை முறை ஏறியது, வரி எவ்வளவு கூடியது, முன்பு கணக்கில் வராத சாராயம் எவ்வளவு கணக்குக்குள் வந்தது, மக்கள்தொகை எவ்வளவு வளர்ந்தது? பேச வேண்டியது லிட்டரில், அதையும் ஆல்கஹால் கிராமாக மாற்றி. ரூபாயில் பேசினால் நிதியமைச்சரின் கணக்குத்தான் கிடைக்கும்.

தேசிய குடும்ப நல ஆய்விலும் ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் விழுந்திருக்கிறார்கள். நான்காவது சுற்றில் தமிழ்நாட்டு ஆண்களில் 46.7 சதவீதம் குடிப்பவர்கள் என்றும், ஐந்தாவது சுற்றில் 25.4 சதவீதம் என்றும் வந்தது. நாலைந்து ஆண்டில் பாதியாகிவிட்டது என்று மேடையிலேயே பேசினார்கள். முதல் எண் 15 முதல் 49 வயதுள்ள ஆண்களுக்கு உரியது. இரண்டாவது, 15 வயதுக்கு மேற்பட்ட எல்லா ஆண்களுக்கும், கேட்ட முறையும் வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கழிக்கக் கூடாது. அதே ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு வந்தது 0.3 சதவீதம். வீட்டுத் திண்ணையில் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்க "நீங்கள் குடிப்பீர்களா அக்கா" என்றால் வேறு என்ன பதில் வரும்?

இனி மக்களைப் பற்றி. சாதி, மதம் என்று பிரிப்பதைவிட, கூலி எப்போது கைக்கு வருகிறது, வேலை எத்தனை மணிக்கு முடிகிறது, இரவு எங்கே தங்குகிறார் என்ற மூன்றையும் கொண்டு பிரித்தால் படம் தெளிவாக வரும்.

கடற்கரையை எடுங்கள். கட்டுமரத்திலும் வள்ளத்திலும் போனவர் அன்றே கரை திரும்புவார். மீனும் அன்றே விலையாகும், கையில் சிறு காசு, மாலையில் சிறு குடி, விடியுமுன் திரும்பக் கடல். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கம் ஆழ்கடல் விசைப்படகுகள் வந்தபின் தங்கல் தொழில் ஆனது. வாரக் கணக்கில், சமயத்தில் ஒரு மாதத்தையும் தாண்டி, கடலில் இருப்பார்கள். கரை இறங்கும் அன்று பங்கு பிரித்து மொத்தமாகப் பணம். வாரக்கணக்கான அடக்கம் மூன்று நான்கு நாளில் அவிழும். ஆண்டு முழுவதுமான குடியைக் கூட்டினால் பழைய வள்ளக்காரரைவிடக் குறைவாகவே வரக்கூடும். ஆனால் ஒரு அமர்வின் அளவு இரண்டு மூன்று மடங்கு. கரையில் நிற்கிற அந்த மூன்று நாள்தான் அடிதடி, விபத்து, வீட்டுச் சண்டை எல்லாவற்றுக்குமான நாள். "வாரத்துக்கு எத்தனை நாள் குடிப்பீர்கள்" என்ற வழக்கமான கேள்வி இவர்களிடம் செல்லாது. "கடைசியாகக் கரை இறங்கியபோது எத்தனை நாள் நின்றீர்கள், ஒவ்வொரு நாளும் எவ்வளவு" என்றுதான் கேட்க வேண்டும்.

தடைக்காலம் இன்னொரு தனி விஷயம். விசைப்படகுகளுக்குக் கிழக்குப் பக்கத்தில், சின்னமுட்டத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குப் பக்கத்தில், நீரோடி வரை, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு நாள்காட்டி. அந்த 61 நாளும் ஆண்கள் எல்லாம் கரையில், பணமோ முன்பணமாகவும் கடனாகவும் வருவது. அப்போது எடுக்கிற கணக்கும் தொழில் நடக்கிற நாளில் எடுக்கிற கணக்கும் ஒரே ஊரை இரண்டு ஊர் போலக் காட்டும்.

ரப்பர் பக்கம், குலசேகரம், அருமனை, கடையல் என்று போனால் கடிகாரம் வேறு. பால்வெட்டு அதிகாலை மூன்று நான்கு மணிக்குத் தொடங்கி, பால் எடுத்து, உறைய வைத்து, ஷீட் அடித்து முடிக்கும்போது முற்பகல் ஆகிவிடும். டாஸ்மாக் கடை பகல் 12-க்குத் திறக்கிறது (2016 முதல் பகல் 12 முதல் இரவு 10 வரை). விடிவதற்கு முன்பே எழுந்த களைப்பு, காலிவயிறு, கையில் காசு, திறந்த கடை எல்லாம் ஒரே நேரத்தில் கூடுகின்றன. அலுவலகத்தில் இருப்பவருக்கு 12 மணித் திறப்பு ஒரு கட்டுப்பாடு. பால்வெட்டுத் தொழிலாளிக்கு அது வேலை முடியும் மணி. சிரட்டையில் மிஞ்சி உறைந்த ஒட்டுப்பாலைத் தனியாக விற்றால் வருகிற சில்லறை பல வீடுகளில் வீட்டுக் கணக்குக்கு வராத காசு. செலவைக் கேட்கும்போது கூலியை மட்டும் கேட்டால் குடிச்செலவு கூலியைவிடப் பெரிதாக வரும், பொய் சொல்கிறார் என்று நீங்கள் தவறாக நினைப்பீர்கள். மழைக்காலத்தில் மழைக்காப்பு போடாத தோட்டங்களிலும், இலையுதிர்ந்து வெட்டை நிறுத்துகிற ஜனவரி, பிப்ரவரியிலும் வேலை இருக்காது. அந்த மாதங்களையும் தனியாகக் குறியுங்கள்.

கொத்தனார், கையாள், பெயின்டர் என்று கட்டட வேலைக்குப் போகிறவர்களில் வாரக்கூலி வாங்குபவருக்குச் சனிக்கிழமை மாலைதான் நாள். ஞாயிறு விடுமுறை என்பதால் சனி இரவு மிகும். திங்கட்கிழமை வேலைக்கு வராதவர்களின் எண்ணிக்கையை ஒரு மேஸ்திரியிடம் கேட்டுப் பாருங்கள், நூறு வினாத்தாளைவிட நல்ல அளவுகோல். கேரளத்துக்கு வேலைக்குப் போய்த் தங்குகிறவர்களின் குடி ஊரில் யார் கண்ணிலும் படாது.

படித்து உத்தியோகம் பார்க்கிற குடும்பங்களின் கதை நேர்மாறாகப் போயிருக்கிறது. குமரியில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே குடியைவிட்டு விலகுவது முன்னேற்றத்தின் அடையாளமாக இருந்தது. மைலாடியில் தொடங்கி வளர்ந்த லண்டன் மிஷன் சபைகள், உறுப்பினராகச் சேரும்போதே மதுவையும் புகையையும் விடச் சொல்லும் இரட்சணிய சேனை, பிற்பாடு வந்த பெந்தெகொஸ்தே சபைகள் ஒரு பக்கம். மருத்துவாழ்மலையில் தவமிருந்த நாராயண குரு மது விஷம், அதை உண்டாக்காதே, கொடுக்காதே, குடிக்காதே என்றது இன்னொரு பக்கம். குடிக்காத குடும்பம் என்பது பெண் கொடுக்கும்போது விசாரிக்கிற தகுதி. இன்றைக்கும் அந்த விசாரணை உண்டு. ஆனால் அதே குடும்பங்களின் அடுத்த தலைமுறையில் பீர், வோட்கா, கல்லூரி விடுதி, பெங்களூரு வேலை வழியாகக் குடி திரும்பி வந்திருக்கிறது. வீட்டுக்குத் தெரியாத குடி. கல்யாணத்துக்கு முந்தின நாள் இரவுச் சாப்பாட்டின்போது மண்டபத்துக்குப் பின்னால் நிற்கிற கார்களின் டிக்கி அதற்குச் சாட்சி. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. படிப்பு குடியை நிறுத்தும் என்ற எதிர்பார்ப்போடு ஆய்வுக்குப் போகாதீர்கள். படிப்பு, குடிக்கிற இடத்தை மாற்றும்.

இன்னும் இரண்டு வழி. குமரியில் பட்டாளத்துக்குப் போனவர்கள் நிறைய. கேன்டீன் கோட்டா ரம் அவர் வீட்டிலிருந்து தெருவுக்கும் மருமகனுக்கும் போகும். வளைகுடாவிலிருந்து திருவனந்தபுரத்தில் இறங்குகிறவர் இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். ஒரு காலத்தில் மதுவிலக்கின்போது "பர்மிட்" வைத்திருந்த சில பெரிய மனிதர்களுக்கு மட்டும் கிடைத்த சீமைச்சரக்கு, இப்படித்தான் நடுத்தர வீட்டு அலமாரிக்கு வந்தது. அலமாரியில் இருந்தால் "சோஷியல் டிரிங்கிங்", கடை வாசலில் நின்றால் குடிகாரன். கணக்கெடுப்பில் எப்போதும் இரண்டாமவர்தான் கண்ணில் படுவார். இவ்வளவுக்கும் ஒரே அளவு குடித்தாலும் அதிகம் அடிபடுகிறவர் ஏழைதான். சாப்பாடு குறைவு, வேலை உயரத்திலோ கடலிலோ, ஒரு நாள் படுத்தால் கடன்.

பெண்கள் பற்றி ஒன்று. கள் வீட்டுப் பக்கத்து விளையில் (தோட்டத்தில்) கிடைத்த காலத்தில், கூலிவேலை செய்த வயதான பெண்கள் கொஞ்சம் குடிப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குடி டாஸ்மாக் பாருக்குள் போனதும் அது முழுக்க ஆண்களின் இடமாகிவிட்டது. பெண்களின் குடி குறைந்தது ஒழுக்கத்தால் மட்டுமல்ல, இடம் மாறியதாலும்தான். நகரத்து இளம்பெண்களிடம் இப்போது காண்பது புதிதாகத் தொடங்கியது, பழையதன் தொடர்ச்சி அல்ல.

கடையை மாற்றினால் பழக்கம் மாறுமா என்பதும் உங்கள் கேள்விக்குள் வரும். 2015 ஜூலை 31-ல், மார்த்தாண்டம் அருகே உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். மாநிலமே பேசியது. 2017-ல் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்ற உச்ச நீதிமன்ற உத்தரவு நடைமுறைக்கு வந்தது. குமரி போல வீடும் விளையுமாக ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கிற இடத்தில் (சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல்) நெடுஞ்சாலையைவிட்டு 500 மீட்டர் உள்ளே போனால் இன்னொரு குடியிருப்புதான் இருக்கும். சாலையோரத்தில் இருந்த குடி தெருவுக்குள் வரும், பெண்கள் மறியலுக்கு இறங்குவார்கள். 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்டு மாநிலத்தில் 4,829 ஆனது. கடை குறைந்தால் தினமும் கொஞ்சம் வாங்குகிறவர் குறைப்பதுண்டு. அடிமையானவர் குறைப்பதில்லை, தூரம் நடப்பார், இல்லையென்றால் காலையில் கூடுதல் விலைக்குத் திருட்டுத்தனமாக விற்பவரிடம் வாங்குவார். இந்த இருவரையும் தனித்தனியாக எண்ணாத ஆய்வு கடை மூடுவதைப் பற்றி எதையும் நிரூபிக்காது.

கணக்கெடுக்கும் முறைக்கு வருகிறேன். மாற்றத்தை மூன்றாகப் பிரியுங்கள். வயதால் வருவது: 20-ல் கூட்டத்தோடு குடித்தவர் பிள்ளை பிறந்ததும் குறைப்பார், 50-ல் சர்க்கரை வந்ததும் நிறுத்துவார். காலத்தால் வருவது: 1987 தடை, 2003 கடைகள், 2020 ஊரடங்கு போன்றவை எல்லா வயதினரையும் ஒரே நேரத்தில் தொடும். தலைமுறையால் வருவது: 2003-க்குப் பிறகு 18 வயதானவர்களுக்குக் கள் என்பது கேள்விப்பட்ட பொருள், முதல் குடியே 42.8 சதவீதம். ஒரே ஒரு தடவை போய், "இளைஞர்கள் அதிகம் குடிக்கிறார்கள், ஆகவே குடி கூடுகிறது" என்று எழுதினால் வயதையும் தலைமுறையையும் குழப்புகிறீர்கள். 55 வயதுக்காரரிடம், அவருக்கு 25 வயதாக இருந்தபோது என்ன, எவ்வளவு, எங்கே என்று தனியாகக் கேளுங்கள். அதை இன்றைய 25 வயதுக்காரரோடு ஒப்பிடுங்கள். ஆண்டு ஞாபகம் இருக்காது. "எம்.ஜி.ஆர். இறந்தபோது", "சுனாமிக்கு முன்னா பின்னா", "ஓகி வந்த வருஷம்" என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

"குடிப்பீர்களா" என்று தொடங்காதீர்கள், "இல்லை" என்பதோடு பேட்டி முடிந்துவிடும். "கடைசியாக எப்போது" என்று கேளுங்கள். பிறகு எந்த வகை, எந்த அளவு பாட்டில், எத்தனை பேர் பங்கு போட்டீர்கள். காலி பாட்டில்களைப் பையில் எடுத்துப் போங்கள். குவார்ட்டர், ஆஃப், பீர் பாட்டில், ஒரு டிஸ்போசபிள் கப். "ஒரு ரவுண்டு" என்றால் எவ்வளவு என்று தண்ணீரை ஊற்றிக் காட்டச் சொல்லி அளவு குவளையில் அளந்து பாருங்கள். 60 மில்லி என்று சொன்னவர் 90 ஊற்றுவார். அதன் பிறகு கடந்த ஏழு நாளையும் நேற்றிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்ற பத்துக் கேள்வித் தாளையும் சேருங்கள். 8 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் வந்தால் கெடுதல் தரும் குடி, 20-ம் அதற்கு மேலும் என்றால் அடிமை நிலைக்கு வாய்ப்பு.

எந்த மாதம் போகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். கார்த்திகை மாதம் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் 41 நாள் தொட மாட்டார்கள். தவக்காலத்தில் கடற்கரை ஊர்களில் நாற்பது நாள் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், ஊர்த் திருவிழா, ஓணத்தை ஒட்டிய நாட்களில் எதிர்ப்பக்கம். மூன்று ஊருக்கும் மூன்று வெவ்வேறு மாதம் போனால் நீங்கள் அளப்பது ஊரை அல்ல, பஞ்சாங்கத்தை. காலை பத்து மணிக்கு வீடு வீடாகப் போனாலும் ஆண்கள் இருக்க மாட்டார்கள். கடற்கரையில் படகு வந்த நாளும், ரப்பர் பகுதியில் முற்பகல் பதினொன்றும் (12-க்கு முன்), நகர்ப்புறத்தில் ஞாயிறு காலையும் ஏற்றவை. குடித்திருப்பவரிடம் பேட்டி எடுக்காதீர்கள். மனைவியிடம் கேட்பதானால் வேறு நாள், வேறு ஆள் கேட்க வேண்டும். கணவர் சொன்னதை மனைவியிடமோ மனைவி சொன்னதைக் கணவரிடமோ வாய்தவறிச் சொன்னால் அடி விழுவது யாருக்கு என்று தெரியும். தாளில் பெயருக்குப் பதில் எண் போடுங்கள். சின்ன ஊரில் "42 வயது, பங்குப்பேரவை உறுப்பினர், விசைப்படகு உரிமையாளர்" என்றாலே ஆள் தெரிந்துவிடும், அதையும் எழுதாதீர்கள்.

கடைசியாக, ஆடிட்டில் 20-க்கு மேல் வருகிறவரையும், காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது என்பவரையும் சந்திக்கப் போகிறீர்கள். நல்ல எண்ணத்தில் "இன்றே நிறுத்திவிடுங்கள் அண்ணா" என்று சொல்லிவிட வேண்டாம். பல ஆண்டு தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பும், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை மனப்பிரமையும் காய்ச்சலும் வரலாம். உயிருக்கே ஆபத்து. 2020 மார்ச் இறுதியில் கடைகள் ஒரே இரவில் மூடியபோது மருத்துவமனைகள் இதைத்தான் பார்த்தன. இப்படிப்பட்டவரை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். மருந்தோடு படிப்படியாக நிறுத்துவார்கள், தயமின் ஊசியும் போடுவார்கள். உணவில்லாமல் குடித்தவருக்குத் தயமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். "ட்ரிப்ஸ் போட்டால் சரியாகிவிடும்" என்று பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போவதில் உள்ள ஆபத்து இதுதான். தேசிய போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் இல்லை. அந்த எண்ணையும் மருத்துவமனைப் பிரிவின் பெயரையும் ஒரு சிறு சீட்டில் அச்சடித்து, குடித்தாலும் குடிக்காவிட்டாலும் பேட்டி தந்த எல்லோர் கையிலும் ஒன்று கொடுங்கள். சிலருக்கு மட்டும் கொடுத்தால், அவர்கள் யார் என்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.